வணிக உரிமமும் வாரக்குடிமையும்: அமெரிக்கப் 'பிரான்சைஸ்' முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

'பிரான்சைஸ்' என்னும் ஆங்கிலச் சொல் நமக்குப் புதியதன்று. 1931ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியலமைப்பின் கீழ் வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட காலந்தொட்டு அது நமது அரசியல் உரையாடலிற் பயின்று வந்துள்ளது. பழைய பிரெஞ்சு மொழியில் கட்டு நீங்கிய நிலையை, அதாவது சுதந்திரத்தை, உணர்த்திய சொல்லடியாகப் பிறந்தது அது. ஐரோப்பிய மத்திய காலத்தில் சந்தை கூட்டவும் ஓடத்துறை நடத்தவும் மன்னன் ஒருவனுக்கு அளித்த தனியுரிமையையும் அச்சொல்லே குறித்தது. இன்றைய வணிக உலகில் அது சுட்டுவது வேறொன்று. ஒரு கொம்பனியின் பெயரையும் வியாபாரச் சின்னத்தையும் தொழில் நடத்தும் முறையையும் பணங்கொடுத்துப் பெற்று, அக்கொம்பனி வகுத்த விதிகளுக்கமையத் தன் சொந்த முதலைக் கொண்டு ஒருவர் கடை நடத்தும் ஏற்பாட்டை அது குறிக்கின்றது. அதனை 'வணிக உரிமம்' என ஈண்டு வழங்குவோம்.

வாழ்நாட் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இத்தகைய உரிமமொன்றை வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவராகின்றார். இத்தீர்மானத்தைத் தனிமனித சாமர்த்தியத்தின்பாற்பட்டதாக மட்டும் நோக்குவதே வர்த்தகப் பாடநூல்களின் இயல்பு. சிறு மனிதன் பெரு முதலாளித்துவத்தின் நிழலிலே பாதுகாப்பாகத் தொழில் தொடங்கும் வழி இதுவென்று அவை கூறும். மறுபுறத்தில், உரிமம் பெறுவோர் சுய தொழிலாளரென வேடமிட்ட கூலியுழைப்பாளரே என்ற முடிவுக்கு முற்போக்காளர் சிலர் விரைந்து வந்துவிடுவர். இவ்விரண்டும் வரலாற்றுச் சான்றுகளுக்கு முழுமையாக ஒத்துவரவில்லை. உரிமம் பெறுவோர் முதலிடுகின்றார். கூலிக்கு ஆள் வைக்கின்றார். ஆயின் தாம் தொழில் செய்யும் களத்துக்கு உடைமையாளராக இல்லை. நமது நாட்டு வயல்வெளிகளில் வாரத்துக்குச் செய்யும் குடியானவனின் நிலையே இதற்கு நெருங்கிய ஒப்புமை என்பது எமது கருத்து. அதனை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு ஆராய முயல்வோம்.

ஒப்புமையைத் தொடங்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிலே சாராயக் குத்தகையையும் பால, வீதி ஆயக் குத்தகைகளையும் ஏலத்தில் எடுத்தோரும் ஒருவகை உரிமம் பெற்றோரே. அவர்கள் அரசுக்கு ஒரு குறித்த தொகையைக் கட்டினர்; எஞ்சியதெல்லாம் அவர்களுடையது. நட்டமும் அவர்களதே. ஆனால் தவறணையை எவ்வாறு நடத்துவது, யாரை வேலைக்கமர்த்துவது என்பவற்றை அரசு அன்றாடம் வந்து கட்டளையிடவில்லை. நமது நாட்டின் சுதேச முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி சாராயக் குத்தகை வழியாக மூலதனந் திரட்டியதற்கு இச்சுயாதீனமும் ஒரு காரணம். குத்தகைக்காரன் வேறு, வாரக்குடி வேறு. அமெரிக்க வணிக உரிம வரலாறு, குத்தகையாகத் தொடங்கி வாரமாக மாறிய வரலாறு எனலாம்.

கொம்பனிகள் கற்ற பாடங்கள்

இம்முறையின் முன்னோடியாகத் தையல் இயந்திர வியாபாரம் குறிப்பிடப்படுவது வழக்கம். 1850களில் சிங்கர் கொம்பனி, கையில் முதலின்மையால், குறித்த பிரதேசங்களில் இயந்திரங்களை விற்கும் உரிமையைத் தனியாருக்கு விற்றது. முதல் கைகூடியதும் அவ்வேற்பாட்டைக் கைவிட்டுத் தன் சொந்தக் கிளைகளையும் முகவர்களையும் கொண்டு விற்கத் தலைப்பட்டது. (1877இல் கொழும்பிற் கால்பதித்த சிங்கர், இப்பிற்காலச் சிங்கரே.) தன்னிடம் முதல் இல்லாதபோது பிறர் முதலைக் கொண்டு பரவுவது, வந்தபின் தேவைப்பட்டால் அவரை விலக்குவது என்ற போக்கு தொடக்கத்திலேயே தென்படுவது கவனித்தற்குரியது.

1899இல் நிகழ்ந்த ஒன்று இதற்கு எதிர்மாறானது. கொக்கா-கோலாவின் உரிமையாளரான ஏசா கான்ட்லர், அப்பானத்தைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமையை டெனசி மாநிலத்துச் சட்டனூகா நகரத்துச் சட்டத்தரணிகள் இருவருக்கு ஒரேயொரு டொலருக்குக் கொடுத்தார். அந்த ஒரு டொலரையும் அவர் பெற்றுக்கொள்ளவில்லை என்பர். போத்தற் பானத்துக்கு எதிர்காலம் இல்லையென்று அவர் எண்ணினார். ஒப்பந்தத்துக்குக் கால எல்லை இருக்கவில்லை. பாகின் விலையும் நிலையாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. முதலாம் உலகப் போரையடுத்துச் சீனி விலை ஏறியபோது கொம்பனி இக்கட்டில் அகப்பட்டது. வழக்காடியே 1920களின் தொடக்கத்தில் விலையைச் சீனி விலையோடு இணைக்க முடிந்தது. உரிமம் பெற்றோர் வென்ற அரிய நிகழ்வு இது. அவர்களது பேரம் பேசும் திறமை மட்டும் இதற்குக் காரணமன்று. உரிமம் அளித்தவர் தாம் கொடுப்பது யாதென்பதை அறியாதிருந்தமையே பிரதான காரணம். பிற்காலக் கொம்பனிகள் அத்தவற்றை மீளச் செய்யவில்லை. ஒப்பந்தத்துக்குக் கால எல்லை, விற்பனையோடு சேர்ந்து ஏறும் கட்டணம் ஆகிய இரண்டும் பொது விதிகளாயின.

மோட்டார் வண்டி விற்பனையாளர் கண்டது மறுபக்கத்தை. 1920-21 பொருளாதார மந்தத்தின்போது ஹென்றி போர்ட் தமது கடன் சுமையைத் தீர்க்க வங்கிகளை நாடவில்லை. கேட்காத வண்டிகளையும் உதிரிப்பாகங்களையும் விற்பனையாளருக்கு அனுப்பிவைத்தார். அவற்றைக் கைக்காசு கொடுத்து ஏற்காதவர் உரிமத்தை இழக்க நேரிடும். ஊர் ஊராக விற்பனையாளரே தத்தம் வங்கிகளிற் கடன்பட்டுப் போர்டைக் காப்பாற்றினர். ஒரு பெரும் கொம்பனியின் நெருக்கடி ஆயிரக்கணக்கான சிறு வணிகரின் கடன் ஏடுகளிற் பகிர்ந்து எழுதப்பட்டது. 1956இல் அமெரிக்கக் காங்கிரஸ், கார் விற்பனையாளர் தம் கொம்பனிமீது நம்பிக்கைக் கேட்டுக்காக வழக்குத்தொடர இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியதற்கு இத்தகைய நீண்ட கசப்பு அடிப்படையாகும்.

நிலத்தின் பங்கு

மக்டொனால்ட் சகோதரர் இருவர் கலிபோர்ணியாவின் சான் பெர்னடினோ நகரில் 1948இல் தமது உணவுக்கடையைத் தொழிற்சாலை ஒழுங்கில் மாற்றியமைத்தனர். பரிமாறும் பெண்கள் நீக்கப்பட்டனர். உணவு வகைகள் குறைக்கப்பட்டன. சமையல், ஒவ்வொருவரும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளாகப் பிரிக்கப்பட்டது. 1954இல் அங்கு சென்ற றே க்றொக் என்னும் கலவை இயந்திர விற்பனையாளர் இம்முறையை நாடெங்கும் பரப்பும் உரிமையைப் பெற்று, 1955 ஏப்ரிலில் சிக்காகோவை அடுத்த டெஸ் பிளேன்ஸில் தம் முதற் கடையைத் திறந்தார். அவர் உரிமம் பெறுவோரிடம் அறவிட்ட தொடக்கக் கட்டணம் 950 டொலர். அதன்மேல் விற்பனையில் 1.9 வீதம். அந்த 1.9இல் 0.5 சகோதரருக்குச் சேரும்.

க்றொக்கின் வெற்றியை நிலைநாட்டியவர்கள், அவர் தொடக்கத்தில் நாடிய கோல்ஃப் கழகத்துச் செல்வந்த நண்பர்களல்லர். மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள வோக்கீகன் நகரில், அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவரும் வீடு வீடாக விவிலிய நூல் விற்றுவந்த அவர் மனைவியும் தம் சேமிப்பு முழுவதையும் இட்டு 1955 மே மாதத்தில் ஒரு கடையைத் திறந்தனர். முதலாண்டிலேயே அவர்கள் ஈட்டிய இலாபம், அவர்கள் வாழ்நாளிற் சேர்த்ததை மிஞ்சியது. இச்செய்தி அப்பகுதியிற் பரவியதும் உரிமம் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் அவர்களைப் போன்றவர்களே. இவ்வுண்மையை மறைத்தல் முறையன்று. உரிமம் வாங்கியவர் எல்லாரும் ஏமாந்தவர்கள் என்ற கதையைக் கூறி இம்முறையின் பரவலை விளக்க முடியாது. தொழிற்சாலை வாயிலிலிருந்து விடுபடும் ஆசை போலியானதன்று. சிலருக்கு அது நிறைவேறியும் இருக்கின்றது.

ஆயினும் வோக்கீகன் தம்பதியர் கண்ட செழிப்பு, அடுத்துவரவிருந்த மாற்றத்துக்கு முந்தியதாகும். 1.9 வீதத்தைக் கொண்டு கொம்பனி வாழ முடியவில்லை. க்றொக்கின் நிதிப் பொறுப்பாளர் ஹரி சொன்போர்ண் 1956இல் நிலக் கொம்பனி ஒன்றை நிறுவினார். கடைக்குரிய நிலத்தையும் கட்டடத்தையும் அது நீண்டகால வாடகைக்கு எடுக்கும். தான் கொடுக்கும் வாடகையின்மேல் 40 வீதம் வரை கூட்டி உரிமம் பெற்றவருக்குக் கீழ்வாடகைக்கு விடும். அல்லது விற்பனையில் 5 வீதம் பெறும். இரண்டில் எது அதிகமோ அதுவே வாடகை. பின்னர் நிலத்தை வாங்கவும் தொடங்கியது. 1970களில் வாடகை விற்பனையில் 8.5 வீதமாகவும் சேவைக் கட்டணம் 3 வீதமாகவும், ஆக 11.5 வீதமாக வளர்ந்திருந்தன. விளம்பரச் செலவு இதற்குப் புறம்பு. தமது கொம்பனி உண்மையில் நிலச் சொத்து வியாபாரஞ் செய்வதே என்றும், வாடகையைத் தரவல்ல பண்டமாதலாலேயே இறைச்சிப் பணிஸ் விற்கப்படுகின்றது என்றும் சொன்போர்ண் கடன்தருவோரிடம் விளக்கியதாக வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளனர். சகோதரர்கள் 1961இல் 27 இலட்சம் டொலருக்குத் தம் உரிமைகள் அனைத்தையும் விற்று விலகினர்.

இந்நில ஏற்பாட்டின் முக்கியத்துவம் பணத்தில் மட்டும் அடங்கியதன்று. உரிம ஒப்பந்தத்தின் எந்த விதியை மீறினாலும் வாடகை ஒப்பந்தமும் முறியும். சின்னத்தை இழந்தவர் வேறு பெயரிலேனும் அதே இடத்தில் கடை நடத்தலாம் என்ற வாய்ப்பு இல்லாது போயிற்று. இருபதாண்டுத் தவணை முடிந்தபோது அவர் கையில் எஞ்சக்கூடியவை சமையற் கருவிகளும் பெயர்த்தெடுக்கக்கூடிய சில தளபாடங்களுமே. இருபதாண்டுகளில் அவர் வளர்த்த வாடிக்கையாளர்கள், நிலத்தோடும் சின்னத்தோடும் கொம்பனிக்கே உரியவர்கள்.

கட்டணம் இலாபத்திலன்றி மொத்த விற்பனையில் அறவிடப்படுவதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு கடையின் விற்பனை 100 என்க. கொம்பனிக்கு 11.5, ஏனைய செலவுகள் 80, கடைக்காரருக்கு எஞ்சுவது 8.5. அவருக்கு அண்மையில் அதே கொம்பனி இன்னொருவருக்கு உரிமம் அளிக்க, விற்பனை 90 ஆகக் குறைகின்றதென்க. செலவு 80இல் பாதி விற்பனையோடு குறையும்; மறுபாதி குறையாது. செலவு 76, கொம்பனிக்கு 10.35, கடைக்காரருக்கு 3.65. விற்பனை பத்திலொரு பங்கு குறைய அவர் வருவாய் பாதிக்கும் கீழாகச் சரிகின்றது. கொம்பனியோ அவரிடமிருந்து 1.15ஐ மட்டும் இழந்து, புதிய கடையின் முழு விற்பனைக்கும் 11.5 வீதம் பெறுகின்றது. இங்கு எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை. கொம்பனியின் நலன் விற்பனையில் உள்ளது. கடைக்காரரின் நலன் மிச்சத்தில் உள்ளது. கழிவு விலையில் விற்கும்படி கொம்பனி வற்புறுத்தும்போதும் இதே முரண்பாடு தலைகாட்டும்.

வாரம் என்றால் இதுதான். நமது நாட்டில் அந்தே முறையின்கீழ் நிலக்காரன் விளைவில் பாதியை எடுத்தான். விதை, உரம், எருது, உழைப்பு யாவும் குடியானவனுடையவை. உரத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது நிலக்காரனின் கணக்கில் வருவதில்லை. சூட்டின் பருமனே அவனுக்கு வேண்டியது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், நடைமுறையில் எத்துணைக் குறைகளை உடையதாயினும், இந்த உறவின் இரு முடிச்சுகளையும் சரியாகவே இனங்கண்டது. வாரத்துக்கு ஓர் உச்சவரம்பு விதித்தது; குடியானவனை நினைத்தவாறு வெளியேற்றுவதைத் தடுத்தது. அமெரிக்கச் சட்டமியற்றுநர் பின்னர் யாது செய்தனர் என்பதை இவ்வுரைகல்லிலேயே மதிப்பிடல் வேண்டும்.

அறிவித்தல் என்னும் பரிகாரம்

1960களின் பிற்பகுதியில் உரிமம் விற்பது ஒரு காய்ச்சலாயிற்று. உரிமத்தை விற்பதே தொழிலாக, கடை நடத்துவது இரண்டாம் பட்சமாக, கொம்பனிகள் தோன்றின. நாஷ்வில் நகரத்து மின்னி பேர்ள் கோழிக் கொம்பனி, வானொலி நகைச்சுவை நடிகை ஒருவரின் பெயரைத் தாங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளுக்கு உரிமம் விற்றது. திறக்கப்பட்டவை அவற்றுட் சிறுபகுதியே. இன்னும் கைக்கு வந்துசேராத உரிமக் கட்டணங்களையும் வருமானமாகக் கணக்கிற் காட்டியதால் அதன் பங்கு விலை விண்ணளவு உயர்ந்தது. கணக்கு முறை கேள்விக்குள்ளானதும் அது சரிந்தது. சேமிப்பை இழந்தவர்களின் முறைப்பாடுகள் பெருகின. பொஸ்ரன் நகரச் சட்டத்தரணி ஹரல்ட் பிரவுண் 1969இல் எழுதிய நூலுக்கு 'நம்புவோர்க்கு வைத்த பொறி' எனப் பொருள்படத் தலைப்பிட்டது அக்கால மனநிலையைக் காட்டும்.

நீதிமன்றங்களின் போக்கு இவ்விடத்தில் ஒப்புநோக்கற்பாலது. சிக்கன் டிலைற் என்னும் கொம்பனி உரிமக் கட்டணமோ விற்பனைப் பங்கோ அறவிடவில்லை. மாறாக, சமையற் கருவிகளையும் மாக்கலவையையும் பொதி செய்யும் பெட்டிகளையும் தன்னிடமே சந்தை விலைக்கு மேலாக வாங்கவேண்டுமென விதித்தது. ஒரு பண்டத்தை மற்றொன்றோடு பிணைத்து விற்பது சட்டவிரோதமென 1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வாதத்தை மக்டொனால்ட்ஸின் நிலத்துக்கு எதிராக முன்வைத்தோர் 1980இல் தோற்றனர். நிலமும் சின்னமும் முறையும் பிரிக்கவொண்ணாத ஒரே பொதி என்றது மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம். பெட்டியைப் பிணைப்பது தவறு, நிலத்தைப் பிணைப்பது தவறன்று என்ற இந்நிலை, எவ்வடிவத்தில் வாரம் அறவிடுவது பாதுகாப்பானது என்பதைக் கொம்பனிகளுக்குத் தெளிவாக உணர்த்தியிருக்கும்.

சட்டமன்றங்கள் தேர்ந்த வழி அறிவித்தலாகும். கலிபோர்ணியா 1970இல் இயற்றிய சட்டம் முதன்மையானது. கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் விதி 1979 ஒக்டோபரில் நாடளாவிய நிலையில் நடைமுறைக்கு வந்தது, 2007இல் திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட விதியின்படி கொம்பனி, ஒப்பந்தங் கைச்சாத்தாவதற்கு அல்லது பணங்கொடுப்பதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர், 23 தலைப்புகளிலே தன் வரலாறு, வழக்குகள், கட்டணங்கள், வாங்கவேண்டிய பொருட்கள், முடிவுறுத்தும் நிபந்தனைகள் முதலியவற்றை எழுத்தில் தருதல் வேண்டும். இதனைச் சிறிய சாதனையென ஒதுக்கிவிட முடியாது. மின்னி பேர்ள் காலத்து மோசடி வகைகள் பல இதனாற் கடினமாயின. ஆனால் வாங்குவோர் முதலில் அறிய விரும்பும் செய்தி, அதாவது இதுவரை கடை நடத்தியோர் எவ்வளவு சம்பாதித்தனர் என்பது, கொம்பனி விரும்பினாற் கூறலாம் என விடப்பட்டுள்ளது. கூட்டாட்சி விதியை மீறிய கொம்பனி மீது ஆணைக்குழுவே நடவடிக்கை எடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் அவ்விதியின் பேரில் தாமே வழக்கிட முடியாது.

நெற்காணிச் சட்டத்தின் இரு முடிச்சுகளையும் இங்கு நினைவுகூர்க. வாரத்துக்கு உச்சவரம்பு அமெரிக்காவில் எங்கும் விதிக்கப்படவில்லை. குடிமைப் பாதுகாப்பு, 1978இல் பெற்றோல் நிலையம் நடத்துவோருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தால் ஓரளவு கிட்டியது. நியூ ஜேர்சி, விஸ்கொன்சின், அயோவா போன்ற சில மாநிலங்கள் பொதுவாகவே வழங்கின. ஏனையோருக்குக் கிடைத்தது அறிவு, அதிகாரமன்று. ஒப்பந்தம் எத்துணைச் சமனற்றதாயினும் அதனை வாசித்தபின் கைச்சாத்திட்டவருக்கு அநீதி இழைக்கப்படவில்லை என்ற தாராண்மைவாதச் சித்தாந்தம் இதன் அடியில் உள்ளது. தீர்மானத்தின் சுமை முழுவதும் வாங்குவோரின் தலையில் இறக்கப்பட்டது.

வேறு வழியில்லாதோரின் தெரிவு

வேறு வழிகள் அடைக்கப்பட்டிருக்கும்போது தெரிவு என்பதற்கு யாது பொருள்? 1968 ஏப்ரிலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதைத் தொடர்ந்து அமெரிக்க நகரங்கள் பற்றியெரிந்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் உரிமம் பெற்றிருந்த வெள்ளையர் பலர் வெளியேற விரும்பினர். மக்டொனால்ட்ஸ் அக்கடைகளை ஏற்கக் கறுப்பினத்தவரைத் தேடியது. அவ்வாண்டு டிசம்பரில் ஹேர்மன் பெற்றி என்பவர் சிக்காகோவின் தென்பகுதியிலே கறுப்பினத்தவருள் முதலாவதாக அக்கொம்பனியின் உரிமத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு ஜனாதிபதி நிக்சன் 'கறுப்பு முதலாளித்துவம்' என்ற சுலோகத்தின்கீழ்ச் சிறுபான்மையினர் வணிகத்துக்கென அலுவலகம் ஒன்றை அமைத்தார். குடியியல் உரிமைப் போராட்டம் வீடமைப்பையும் பாடசாலையையும் வேலையையும் கேட்டது. அரசும் மூலதனமும் இணங்கிக் கொடுக்கத் தயாராயிருந்தவற்றுள் ஒன்று உணவுக்கடை உரிமம். இதனை வரலாற்றாசிரியர் மார்சியா சற்றலெயின் 2020இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வங்கிகள் கறுப்பினத்தவருக்குக் கடன் தரத் தயங்கிய சூழலில், வெள்ளையர் முதலிடக் கறுப்பினத்தவர் முன்னின்று நடத்தும் கூட்டுகள் உருவாயின. பெற்றியும் அவ்வாறே தொடங்கினார். முதலிட்டவர்கள் இலாபத்தை எடுத்துக்கொள்ள, கடை நடத்தியவர் கடனோடு நின்ற நிகழ்வுகள் பல. 1969 கோடையில் கிளீவ்லன்ட் நகரின் கறுப்பின அமைப்புகள் அக்கடைகளைப் பகிஷ்கரித்துப் போராடின; போராட்டத்தின் விளைவாக அப்பகுதிக் கடைகள் கறுப்பினத்தவர் கைக்கு மாறின. அவற்றுள் இரண்டை ஹஃப் பகுதியின் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்னும் மக்கள் அமைப்பு வாங்கியமை, தனியாள் உடைமைக்கு அப்பாலும் சிந்தித்தோர் இருந்தனர் என்பதற்குச் சான்று. ஆயின் கூட்டுடைமையாயினும் தனியுடைமையாயினும் கொம்பனிக்குரிய வீதம் ஒன்றே.

பெற்றியும் அவர் சகாக்களும் 1972இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தனித்தனியே கைச்சாத்திட்டவர்கள் கூட்டாகப் பேரம் பேசத் தொடங்கியமை, இவ்வரலாற்றில் எமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. நமது அயலவரான குஜராத்தியர், அமெரிக்காவில் நெடுஞ்சாலை விடுதிகளை நடத்துவோராய்ப் பெருகி, 1989இல் தம் சங்கத்தை நிறுவி, 1998இல் உரிமம் அளிக்கும் கொம்பனிகள் ஒழுக வேண்டிய 12 நெறிகளை வெளியிட்டனர். ஒப்பந்தக்காலம், அயலிற் புதுக்கடை, கட்டாயக் கொள்வனவு ஆகியன அங்கும் பேசப்பட்டன. குடியானவர் சங்கங்களின் கோரிக்கைகளை அறிந்தோர் இவற்றை இலகுவில் இனங்காண்பர்.

2020இல் கறுப்பினத்தவரான 52 முன்னாள் உரிமம் பெற்றோர், குறைந்த விற்பனையும் கூடிய பாதுகாப்பு, காப்புறுதிச் செலவுகளுமுடைய இடங்களுக்கே தாம் ஒதுக்கப்பட்டதாக மக்டொனால்ட்ஸ் மீது வழக்குத்தொடுத்தனர்; கொம்பனி மறுத்தது. முன்னாள் விளையாட்டு வீரரும் பல கடைகளை நடத்தியவருமான ஹேர்ப் வாஷிங்டன் தனியே தொடுத்த வழக்கு 2021 டிசம்பரில் இணக்கத்தில் முடிந்தது. கொம்பனி தவற்றை ஏற்காது, அவர் கடைகளுக்காக 335 இலட்சம் டொலர் கொடுக்க, அவர் தொழிலிலிருந்து விலகினார். மேற்காட்டிய கணக்கை மீண்டும் நோக்குவோர்க்கு இவ்வழக்குகளின் பொருளாதார உட்கிடை புலப்படும். செலவு கூடிய இடத்தின் செலவு கொம்பனியின் ஏட்டில் வருவதேயில்லை.

இதுவரை கடைக்காரரைப் பற்றியே பேசினோம். அவருக்குக் கீழே நிற்பவரை மறந்துவிடலாகாது. 11.5ஐக் குறைக்கவியலாத கடைக்காரர் குறைக்கக்கூடியது கூலியையே. 2012 நவம்பரில் நியூயோர்க் நகரத்து உணவுக்கடைத் தொழிலாளர் மணிக்கு 15 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியைத் தீர்மானிப்போர் உரிமம் பெற்றோரே என்று கொம்பனிகள் விடையிறுத்தன. இறைச்சித் துண்டின் பருமனையும் பணிசை வாட்டும் விநாடியையும் நிர்ணயிக்கும் கொம்பனி, அதனை வாட்டும் கையின் கூலிக்குப் பொறுப்பில்லாததாகின்றது. கலிபோர்ணியா மாநிலம் 2023இல் இயற்றிய சட்டத்தால் பெருந்தொடர்க் கடைகளின் குறைந்தபட்சக் கூலி 2024 ஏப்ரில் முதல் 20 டொலராகியது. அதனைச் செலுத்துவோரும் கடைக்காரரே. கொம்பனியின் வீதம் அச்சட்டத்தாற் குறையவில்லை. வாரக்குடியும் அவன் வயலிற் கூலிக்கு நாற்று நடுபவளும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி நிற்க, நிலக்காரன் காட்சியில் இல்லாதிருக்கும் நிலை நமக்குப் பழக்கமானதே.

ஆகவே உரிமம் பெறுவோரைத் தொழிலாளியென்று அணைத்துக்கொள்வதும் முதலாளியென்று தள்ளிவிடுவதும் ஒருங்கே பிழையாகும். அவருடைய நலன் ஒரு முனையில் தொழிலாளிக்கு எதிரானது. மறுமுனையில் கொம்பனிக்கு எதிரானது. எம்முனை மேலோங்கும் என்பது, அவர் தனியே நிற்கின்றாரா சங்கமாக நிற்கின்றாரா என்பதைப் பெரிதும் பொறுத்தது. அமெரிக்காவில் இன்றுவரை அவர்களிற் பெரும்பாலோர், குறைந்தபட்சக் கூலிக்கு எதிராகக் கொம்பனியோடு சேர்ந்து நின்ற சந்தர்ப்பங்களே அதிகம் எனலாம்.

இன்று உரிமம் வாங்க எண்ணுவோருக்கு அமெரிக்காவிற் கொடுக்கப்படும் ஆவணத்தின் 20ஆம் தலைப்பு, முந்திய ஆண்டில் தொழிலை விட்டவர்களின் பெயர்களையும் அவர்களோடு தொடர்புகொள்ளும் வழியையும் பட்டியலிடுகின்றது. அனுபவமுள்ள ஆலோசகர் அனைவரும், கொம்பனியின் பிரசுரங்களை வைத்துவிட்டு இவர்களோடு பேசும்படியே அறிவுரை கூறுவர். வாங்கலாமா வேண்டாமா என்ற வினாவுக்கு நேரடியாக விடை தரவல்லோர் அவர்களே. விலகும்போது கொம்பனியோடு செய்துகொண்ட இணக்கத்தால் அவர்களுட் சிலர் தம் அனுபவத்தை வெளியிற் பேசாதிருக்கக் கட்டுப்பட்டிருப்பர். கடந்த மூன்று ஆண்டுகளில் அவ்வாறு எவரேனும் கட்டுப்பட்டிருந்தால் அச்செய்தியையும் அதே தலைப்பின் கீழ் அறிவிக்க வேண்டுமென்று 2007ஆம் ஆண்டு விதி கூறுகின்றது.